ஆப்பிளில் ஓடும் விண்டோஸ் ஏன் இழுக்கிறது?

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐமேக் கணினியில் விண்டோஸும் போட்டு வைத்திருக்கிறேன். மேக் பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸ் பக்கம் போனால் ஒரு கோப்பு திறப்பதற்குள் ஒரு தே தாரிக் குடித்து முடித்துவிடலாம். கணினியை மாற்றத்தான் வேண்டுமா?"

அவசரப்பட வேண்டாம். சென்ற ஆண்டு ஜூன் மாதம் மாசாயில் ஓர் அக்காவின் கடையில் ஒரு சனிக்கிழமை முழுவதையும் இதே பிரச்சினையோடு கழித்தேன். உங்களுக்கான பதில் அந்தக் கதையில் இருக்கிறது. நான் செய்யவிருந்த ஒரு மடத்தனமும் அதில் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்தில் நெரிசலுக்கு முன்னால் போகலாம் என்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே ஓர் அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்துவிட்டபோது ஓர் ஐமேக்கை மலிவாக வாங்கி வந்தார். 21.5 அங்குலத் திரை, 2017-ஆம் ஆண்டு மாடல். வடிவமைப்பு வேலை எல்லாம் மேக்கில். ஆனால் கடைக் கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் பூட் கேம்ப் மூலம் அதே கணினியில் விண்டோஸ் 10 போட்டுக்கொண்டார்கள்.

பூட் கேம்ப் என்பது 2006 ஏப்ரலில் ஆப்பிள் வெளியிட்ட ஏற்பாடு. அந்த ஆண்டுதான் ஆப்பிள் கணினிகள் இன்டெல் சில்லுக்கு மாறத் தொடங்கின. மற்றக் கணினிகளில் இருக்கும் அதே இனத்துச் சில்லு என்பதால், வன்தட்டில் ஒரு பகுதியை வெட்டி விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டு, கணினியைத் தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் மாதிரி.

நான் போனதும் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து கணக்கு மென்பொருள் திறக்கும் வரை ஏழு நிமிடம் சொச்சம்.

"தம்பி, நான் சுவிட்சத் தட்டிட்டு, சாமிக்கு விளக்கேத்திட்டு, கோப்பி கலக்கிட்டு வந்தாலும் இது சுத்திக்கிட்டேதான் இருக்கும்லா" என்றார் அக்கா.

சிரிப்பாகச் சொன்னாலும் அவருக்குக் கவலை இருந்தது. தொழில் செய்கிறவர்கள் பி பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். வரிக் கணக்கு பார்ப்பவர் முழு ஆண்டுப் பேரேட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் அறிக்கையை எடுக்கவே அரைமணி ஆகிறது, பாதியில் நின்றும் போகிறது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியதற்கு, "இது பழசு, புது ஐமேக் வாங்குங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஐந்நூறு வெள்ளி முன்பணம் கட்டுவதாகப் பேச்சு.

முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். காரணம் எளிது. 2020 நவம்பரிலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிவிட்டது. 2021-இலிருந்து வரும் புது ஐமேக் எல்லாம் அந்த ரகம். அவற்றில் பூட் கேம்ப் கிடையாது. மேக்கிற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, ஏ.ஆர்.எம். சில்லுக்கான விண்டோஸை ஓட்டலாம். சாதாரண விண்டோஸ் மென்பொருள்கள் அதில் மொழிபெயர்ப்பில் ஓடிவிடும். ஆனால் வன்பொருள் இயக்கிகள் அப்படி ஓடாது. அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அக்காவின் கணக்கு மென்பொருளுக்கு ஒரு யு.எஸ்.பி. சாவி உண்டு. அதைச் செருகினால்தான் திறக்கும். அந்தச் சாவியின் இயக்கி பழைய ரகம். ஐயாயிரத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து வாங்கிய கணினியில், எதற்காக வாங்கினாரோ அந்த வேலை நடக்காமல் போயிருக்கும்.

சரி, இருக்கிற கணினிக்கு என்ன நோய்? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். இதை நீங்களும் செய்யுங்கள், காசு செலவில்லை. செயலி ஆறு விழுக்காடுதான் வேலை செய்துகொண்டிருந்தது. நினைவகத்தில் பாதி காலி. ஆனால் டிஸ்க் என்ற இடத்தில் நூறு விழுக்காடு என்று சிவந்து நின்றது. அதே நேரத்தில் வன்தட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தகவலோ நொடிக்கு ஒன்றரை மெகாபைட்கூட இல்லை. முழு மூச்சாக வேலை செய்கிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை.

இது எப்படி என்று கேட்பீர்கள். அந்த ஐமேக்கில் இருக்கும் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கும் பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி. கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு சிறு துண்டுகளை நொடிக்கு ஐம்பது அறுபதுக்கு மேல் எடுக்க முடியாது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒவ்வொரு கரண்டி சோற்றுக்கும் சமையலறைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி. அவர் ஓடிக்கொண்டேதான் இருப்பார், இலை மட்டும் நிறையாது. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கரண்டிகளைத்தான். சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. இதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும்.

அப்படியானால் மேக் பக்கம் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடுகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அக்காவின் ஐமேக்கில் இருப்பது ஃபியூஷன் டிரைவ். 2012-இல் ஆப்பிள் கொண்டுவந்தது. பெரிய வன்தட்டையும் சிறிய எஸ்.எஸ்.டி.யையும் ஒட்டி, பார்வைக்கு ஒன்றாகக் காட்டுவார்கள். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை மேக் தானாகவே எஸ்.எஸ்.டி. பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அந்த எஸ்.எஸ்.டி. 128 ஜிகாபைட் இருந்தது. 2015-இல் 1 டெராபைட் மாடலில் அதை 24 ஜிகாபைட்டாகக் குறைத்தார்கள், 2017-இல் 32 ஆக்கினார்கள். அந்தக் கஞ்சத்தனம் இருக்கட்டும். விண்டோஸுக்கு அதில் ஒரு பைட்கூடக் கிடையாது என்பதுதான் முக்கியம். பூட் கேம்ப் பகுதி முழுக்க முழுக்க வன்தட்டில்தான் உட்காரும். பக்கத்திலேயே ஓர் எஸ்.எஸ்.டி. இருந்தும் விண்டோஸுக்குப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. வன்தட்டில் எண்ணிக்கை வெளி விளிம்பிலிருந்து தொடங்கி உள்ளே போகும். திருவிழா ராட்டினத்தில் வெளியோரத்தில் உட்கார்ந்தவர் ஒரே சுற்றில் அதிக தூரம் போவார், நடுத்தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்ச தூரம்தான். அதுபோல வெளித் தடங்களில் ஒரு சுற்றுக்கு நிறையத் தகவல் கிடைக்கும், உள் தடங்களில் ஏறத்தாழ பாதிதான். பூட் கேம்ப் மேக் பகுதியைச் சுருக்கி, வாலில் மிஞ்சும் இடத்தைத்தான் விண்டோஸுக்குக் கொடுக்கும். வன்தட்டிலேயே மந்தமான மூலை அது. ஃபியூஷன் இல்லாத, வெறும் வன்தட்டு மேக்குகளுக்கும் இந்தப் பாதிப்பு உண்டு.

சில்லறை வைத்தியம் எல்லாம் முதலில் செய்து பார்த்தேன். கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கும் ஒன்பது நிரல்களை நிறுத்தினேன். தேடலுக்காகப் பின்னணியில் ஓடும் அட்டவணையை அணைத்தேன். இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருந்தன, அதில் ஒன்றை நீக்கினேன். ஏழு நிமிடம் ஐந்தரை ஆனது. இந்த வைத்தியத்துக்கு அதற்கு மேல் சக்தி இல்லை.

இந்த இடத்தில் பழைய மேக் வைத்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விலகிப் போகிறேன். 2011 மாடல் மேக்புக் புரோ ஒன்றில் நான் விண்டோஸ் 7 போட்டிருந்தேன். வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஐ.டி.இ. என்று காட்டியது, இருக்க வேண்டியது ஏ.எச்.சி.ஐ. அக்காலத்து விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் தொடங்கும், ஆப்பிள் கணினியில் அந்த பயாஸ் இல்லை. அதனால் மேக் ஒரு பயாஸ் வேடம் போட்டுக்கொள்ளும். அந்த வேடத்தில் இருக்கும்போது, விண்டோஸ் எக்ஸ்பி போன்ற கிழங்களுக்கும் புரியட்டும் என்று வன்தட்டுக் கட்டுப்பாட்டகத்தைப் பழைய ஐ.டி.இ. முறையிலேயே காட்டும். ஏ.எச்.சி.ஐ. என்றால் 32 கட்டளைகள் வரை வரிசையில் வாங்கி வைத்து, வசதியான ஒழுங்கில் முடித்துக் கொடுக்கும். ஐ.டி.இ. முறையில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

தொடக்கப் பகுதியின் நிரலை மாற்றி எழுதி இதைத் திருத்துகிற வழி ஒன்று உண்டு. நானும் செய்தேன். விண்டோஸுக்குள் ஏ.எச்.சி.ஐ. இயக்கியை முதலில் எழுப்பி வைத்துவிட்டுத்தான் கட்டுப்பாட்டகத்தை மாற்ற வேண்டும். நான் வரிசையை மாற்றிச் செய்தேன். நீலத் திரை, 7பி என்று முடியும் பிழை எண், அதாவது தொடக்க வன்தட்டு எட்டவில்லை என்று பொருள். ஓர் இரவு தூக்கம் போனது. இன்று யாருக்கும் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னாளில் வந்த மேக்குகளில் விண்டோஸ் 10 அந்த பயாஸ் வேடம் இல்லாமல் நேராகவே தொடங்கும், சிக்கலே வராது. பழைய மேக்புக் புரோவில் இன்னும் சுற்றும் வன்தட்டு இருந்தால், 2012 மாடல் வரை அடிப்பலகையைத் திருகாணி கழற்றித் திறந்து சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாம். ஐ.டி.இ. முறையில்கூட அது வன்தட்டைவிடப் பல மடங்கு மேல்.

மாசாய்க்குத் திரும்புவோம். ஐமேக்கை அப்படித் திறக்க முடியாது. 2012-க்குப் பிறகு வந்த ஒல்லி ஐமேக்கில் முன்கண்ணாடி பசைபோட்டு ஒட்டப்பட்டது. வெட்டித் திறந்து மறுபடி ஒட்ட வேண்டும், பழக்கமில்லாத கை பட்டால் திரையே போய்விடும். அதனால் வெளியே செருகும் எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதோடு நின்றிருந்தால் நல்லது. பழைய விண்டோஸ் பகுதியில் பல ஆண்டுக் குப்பை, எதற்கு அது, அழித்து மேக்கிற்கே இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பூட் கேம்ப் உதவியாளரைத் திறந்து, ரெஸ்டோர் என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் சுட்டியைக் கொண்டுபோய்விட்டேன்.

அக்கா கோப்பியோடு வந்தார். "இத அமுக்குனா என் கணக்கு எங்க தம்பி போகும்?"

"பேக்கப் இருக்குல்லக்கா?"

"இருக்கே. வெள்ளிக்கிழமை தவறாம போடுவேன்."

ஜோகூரில் 2014-இலிருந்து 2024 வரை வெள்ளியும் சனியும்தானே வார விடுமுறை. கடை ஓய்வாக இருக்கும் அந்த நாளில் பேக்கப் எடுப்பதை அக்கா வழக்கமாக்கிக்கொண்டிருந்தார். 2025 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். விண்டோஸுக்குள் போய்க் காட்டினார். தேதி வாரியாக வரிசையாக, ஒரு வாரம்கூட விடாமல், அத்தனையும் இருந்தன. சி டிரைவில். நான் அழிக்கப் போன அதே பகுதியில்.

சற்று நேரம் நான் ஒன்றும் பேசவில்லை. வருமான வரிச் சட்டப்படி தொழில் கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுக் கணக்கும், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரமும் ஒரே வன்தட்டில், அதன் பிரதியும் அதே வன்தட்டில். வாராவாரம் இந்தப் பத்தியில் பேக்கப் எடுங்கள் என்று எழுதுகிறவன், அதைக் கேட்காமலே பொத்தான் வரை போயிருக்கிறேன்.

பிறகு ஒழுங்கான வரிசையில் செய்தோம். கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்தோம். நீலம் காட்டியது, அதாவது நலம். மஞ்சள் காட்டியிருந்தால் வேறு எதையும் தொடாமல் கோப்புகளை வெளியே எடுப்பதுதான் வேலை. கணக்குக் கோப்புகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம்: என் கையில் இருந்த வெளி வன்தட்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. அந்த மந்த மூலையிலிருந்து அவற்றை எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. என் மடிக்கணினியில் மென்பொருளின் பார்வையாளர் வழியாக நகலைத் திறந்து, சென்ற ஆண்டு இருப்புநிலையைக் காட்டினேன். தாளில் அச்சடித்து வைத்திருந்ததோடு அக்கா வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய விண்டோஸ் பகுதியை அப்படியே விட்டுவிட்டோம். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

500 ஜிகாபைட் வெளி எஸ்.எஸ்.டி. முந்நூறு வெள்ளிக்குள் கிடைத்தது. பென்டிரைவில் விண்டோஸ் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. பெரும்பாலான பென்டிரைவ்கள் சிறு சிறு துண்டுகளாக எழுதும் வேலையில் வன்தட்டைவிட மோசம். விண்டோஸின் நிறுவல் நிரல் யு.எஸ்.பி. வட்டில் தன்னை நிறுவ மறுக்கும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் விண்டோஸ் டு கோ என்றொரு தேர்வு உண்டு, அதில் செய்தால் ஏற்றுக்கொள்ளும். கணினியின் உள் வட்டுகளை விண்டோஸ் தொடாமல் தடுக்கும் கட்டத்தையும் அதில் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பூட் கேம்ப் உதவியாளரின் பட்டியலிலிருந்து விண்டோஸ் துணை மென்பொருளை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வைஃபை, ஒலி எதுவும் வேலை செய்யாது. ஐமேக்கின் பின்னால் உள்ள டைப்-சி துளையில் நேராகச் செருகுங்கள், இடையில் ஹப் வேண்டாம். கணினியை ஆப்ஷன் விசையை அழுத்தியபடி தொடங்கினால் ஆரஞ்சு நிற வட்டு ஒன்று தெரியும், அதுதான் புது விண்டோஸ். 2018-இலிருந்து வந்த இன்டெல் மேக்புக்குகளிலும் 2020 ஐமேக்கிலும் டி2 என்ற பாதுகாப்புச் சில்லு உண்டு. அவற்றில் கமாண்ட், ஆர் அழுத்தி மீட்புத் திரைக்குப் போய், வெளி வட்டிலிருந்து தொடங்க முதலில் அனுமதி தர வேண்டும். அக்காவின் 2017 மாடலில் அந்தத் தொல்லை இல்லை. அதே கணினி என்பதால் விண்டோஸ் உரிமமும் தானாகவே வந்துவிட்டது.

மாலை ஆறரைக்கு மறுபடி நேரம் வைத்துப் பார்த்தோம். பொத்தானிலிருந்து கணக்கு மென்பொருள் வரை ஐம்பத்திரண்டு நொடி. யு.எஸ்.பி. சாவியும் முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் எடுத்த பேரேட்டு அறிக்கை ஒன்றரை நிமிடத்தில் வந்தது. திங்கட்கிழமை அக்கா முன்பணம் கட்டப் போகவில்லை. ஜூன் 30-க்கு நான்கு நாள் முன்பே பாரம் போய்விட்டது.

இது எத்தனை நாளைக்கு என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு நீட்டிப்பில் பதிந்துகொண்ட தனிப்பயனர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. இன்டெல் மேக்குகளுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. கணக்கு வேலைக்கு மட்டும் ஒரு சின்ன விண்டோஸ் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஐமேக்கை வடிவமைப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். புது ஐமேக் விலையில் கால்வாசிகூட ஆகாது. தீபாவளிப் பத்திரிகை ஆர்டர்கள் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். அதுவரை வெள்ளிக்கிழமை நகல் வெளி வட்டுக்குப் போகிறது, அந்த வட்டு சிங்கப்பூர் போய்வருகிறவரின் பையில் இருக்கிறது.

குளுவாங் வாசகருக்கு: உங்கள் ஐமேக் எந்த ஆண்டு மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. மேக் பக்கத்தில் மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தை அழுத்தி, அபவுட் திஸ் மேக் என்பதில் ஆண்டைப் பாருங்கள். ஸ்டோரேஜ் பகுதியில் ஃபியூஷன் டிரைவா, வெறும் வன்தட்டா, எஸ்.எஸ்.டி.யா என்றும் இருக்கும். எஸ்.எஸ்.டி. என்று இருந்து, அப்படியும் விண்டோஸ் இழுக்கிறது என்றால் நோய் வேறு. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எத்தனை விழுக்காடு காட்டுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேக்கப் எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும்.